ஓஸ்வால்ட் படம் பிடித்த வீடுகள்

சேஷகிரிக்குப் பிடிக்காத வீடு என்று ஒன்றை பெங்களூரில் இன்னும் யாரும் கட்டவில்லை. காலையில் புரோக்கர் முனிராஜின் ஸ்கூட்டரில் பின்னால் தொற்றிக்கொண்டு கிளம்புவார். மதியம் சாப்பாட்டுக்குத் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நன்னா இருக்கு ரமா" என்பார். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார். ஹால் எவ்வளவு பெரிசு என்றால் நல்ல பெரிசு. பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம் என்றால், கதவு இருந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு மட்டும் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசிப்பார். யோசித்து முடித்து, அந்த வீட்டுக்காரர்கள் கொடுத்த காபி பிரமாதம் என்பார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முப்பத்து மூன்று வருஷம் விதான சௌதாவில் உட்கார்ந்து ஃபைல் பார்த்த மனிதர். தன்னிடம் வந்த ஒரு காகிதத்தில்கூட அவர் 'கூடாது' என்று எழுதியதில்லை. 'பரிசீலிக்கலாம்' என்று எழுதி மேலே அனுப்பிவிடுவார். வீடுகளையும் அப்படித்தான் ரமாவிடம் அனுப்பிக்கொண்டிருந்தார். மேலே இருக்கிறவள் பார்த்து முடிவு செய்யட்டும் என்று.

ஆனால் ரமாவால் போய்ப் பார்க்க முடியாது. அதுதான் விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. டாக்டர்கள் கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் இடுப்புக்குக் கீழே இருந்த உணர்ச்சியும் அதோடு போய்விட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். அவர்கள் குடியிருந்தது தொம்மலூரில் பழைய ஊருக்குள், ஒரு வாடகை வீட்டின் மாடியில். பத்தொன்பது படி. நடுவில் ஒரு திருப்பம், அதில் ஒரு ஆள் திரும்புவதே சிரமம். அவள் கீழே இறங்க வேண்டுமானால் நாற்காலியோடு தூக்க நாலு பேர் வேண்டும். போன ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது அந்தத் திருப்பத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கிவிட்டது. விழவில்லை, ஆனால் அன்றைக்கே ரமா சொல்லிவிட்டாள், இனி இந்தப் படியில் ஒரே ஒரு தடவைதான் இறங்குவேன், அது வீட்டைக் காலி பண்ணும்போதுதான் என்று.

அந்த ஒரு தடவை சீக்கிரமே வந்துவிடும்போல இருந்தது. வீட்டுக்காரரின் பிள்ளைகள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு ஆபீஸ் கட்டப்போகிறார்கள். ஆயுத பூஜைக்குள் காலி பண்ண வேண்டும் என்று யுகாதி அன்றைக்கு ஒப்பட்டு என்கிற போளியோடு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். 2003-ஆம் வருஷம் அது. தொம்மலூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் இடித்துக்கொண்டோ கட்டிக்கொண்டோ இருந்தார்கள்.

மற்றவர்கள் வீடு வாங்குவது சாயங்காலம் திரும்பி வருவதற்கு. ரமா வாங்கப்போவது, போன பிறகு வெளியே வராமல் இருப்பதற்கு. போய்ப் பார்த்து வாங்கவும் முடியாது, வாங்கின பிறகு பிடிக்கவில்லை என்று எழுந்து போகவும் முடியாது. அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டில் சக்கர நாற்காலி ஹாலிலிருந்து சமையலறை வாசல் வரைதான் போகும், பாத்ரூம் கதவுக்குள் நுழையாது. எல்லாவற்றுக்கும் சேஷகிரிதான். அவர் முகம் சுளித்ததில்லை, ஆனால் அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிக்க ஒரு பாத்ரூம் வேண்டும். அப்புறம் ஒரு ஜன்னல். மாடி ஜன்னலில் உட்கார்ந்தால் அவளுக்குத் தெரிவது வானமும் எதிர்க் கட்டடத்தின் செல்போன் டவரும்தான். ஜன்னலில் உட்கார்ந்து, தெருவில் மனிதர்கள் நடந்து போவதைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

வழி சொன்னது மகள் ஸ்னேஹா. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஃப்ளாட், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். அவள் ஆபீஸில் அமெரிக்காவிலிருக்கிறவர்கள் இங்கே வீடு வாங்கும்போது வீட்டை வீடியோ எடுத்து சி.டி. போட்டு அனுப்பச் சொல்கிறார்களாம். அங்கேயே சோபாவில் உட்கார்ந்தபடி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிடுகிறார்களாம்.

"மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஆத்துக்கு நானும் அமெரிக்காக்காரிதானே" என்றாள் ரமா. அடுத்த வாரமே ஸ்னேஹா ஒரு சி.டி. பிளேயர் வாங்கிக்கொண்டு வந்து டி.வி.யில் மாட்டிவிட்டாள்.

படம் பிடிக்க ஓஸ்வால்ட் வந்தார். நீலசந்திராக்காரர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஸ்னேஹாவின் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர். வயிறு முன்னால் வர, ஆள் பின்னால் வருவார். பத்தொன்பது படி ஏறி மூச்சு வாங்க நின்றவர், சக்கர நாற்காலியில் ரமாவைப் பார்த்ததும் கேமரா பையைத் தோளிலிருந்து இறக்கினார். அவருக்கு விஷயம் தெரியாது.

"கல்யாணத்துல உங்கள ஒரு நிமிஷம் ஃப்ரேமுக்குள்ள நிறுத்த முடியல மாமி. தட்டத் தூக்கினு ஓடிக்கினே இருந்தீங்க" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷமாக வந்தவர்கள் எல்லோரும் அவள் எப்போதுமே உட்கார்ந்திருந்தவள் மாதிரிதான் பேசினார்கள். அவள் ஓடினதை ஞாபகம் வைத்திருந்து சொன்னவர் இவர்தான். அதற்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று பெரியவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவைத்ததை ஓஸ்வால்ட் அப்படியே எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. முதல் சி.டி.யைப் போட்டதும் திரையில் ரோஜா இதழ்கள் கொட்டின. பின்னணியில் நாகஸ்வரம். கோடிஹள்ளியில் ஒரு ஃப்ளாட், தரைத்தளம். வாசற்கதவு இதய வடிவத்தில் விரிந்து ஹாலாக மாறியது, ஹால் சுழன்று சமையலறை ஆயிற்று. நடு நடுவே சேஷகிரி சம்பந்தி மாதிரி கை கூப்பிக்கொண்டு வந்து போனார். நாகஸ்வரம் முடிந்து புல்லாங்குழல், புல்லாங்குழல் முடிந்து வீணை. அறை அறையாகப் பளீரென்று வெளிச்சம். பாத்ரூம் கதவும் அகலம்தான், ஓஸ்வால்ட் தன் வயிற்றோடு நேராக உள்ளே போய் வந்தார்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ரமாவுக்கும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும். அப்படி ஒரு வெளிச்சத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலையில் சேஷகிரி பால் வாங்கப் போனபோது ரமா சி.டி.யை மறுபடி போட்டாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. நாகஸ்வரம் அலுத்துவிட்டது, சத்தத்தை அணைத்துவிட்டாள். சத்தம் இல்லாமல் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஹால் சுவரில் கடிகாரம். பதினொன்று இருபது. அந்தப் பட்டப்பகலில் ஹாலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. படுக்கையறையிலும் எரிந்தது, சமையலறையிலும் எரிந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சேஷகிரி ஹாலில் நடக்கிறார், அவர் நிழல் நேராக எதிர்ச் சுவரில் விழுகிறது. அடுத்த அறைக்குப் போகிறார், நிழல் அங்கேயும் நேராக எதிர்ச் சுவரில். ஜன்னல் இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் நிழல் மட்டும் இடம் மாறவில்லை. வெயில் எங்கேயாவது ஆளோடு கூடவே அறை அறையாக நடந்து வருமா?

ஓஸ்வால்டுக்குப் போன் பண்ணினாள். அரை மணியில் வந்துவிட்டார்.

"கேமரா மேல லைட் போட்டுத்தான் எடுத்தேன் மாமி" என்றார். ஒளிக்கவில்லை. "லைட் இல்லாம நான் எதையுமே எடுத்ததில்ல. இருபது வருஷமா ஒரு பொண்ண, ஒரு மாப்பிள்ளைய நான் வாட்டமா காமிச்சதில்ல. அதான் என் தொழிலு."

"பொண்ணு மாப்பிள்ளைன்னா பரவாயில்லை. அவா ஒருத்தரை ஒருத்தர் அப்பறமா நேர்ல பாத்துப்பா" என்றாள் ரமா. "நான் நேர்ல பாக்கப் போறதில்லையே, ஓஸ்வால்ட்."

அவர் கேமரா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மூன்று மணிக்குத் திரும்பி வந்து, சி.டி. போடக்கூட நேரமில்லாமல் கேமராவிலிருந்தே டி.வி.க்கு ஒயரைச் செருகினார். அதே கோடிஹள்ளி வீடு. லைட்டும் இல்லை, டியூப்லைட்டும் இல்லை. ஹால் மழைநாள் சாயங்காலம் மாதிரி இருந்தது. படுக்கையறையில் சுவிட்ச் போர்டின் சிவப்புப் பொட்டு ஒன்றுதான் தெரிந்தது. ஜன்னலைத் திறந்து காட்டினார், கை நீட்டினால் தொடும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

சேஷகிரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் அந்த வீட்டுக்கு நேரில் போனவர். ஓஸ்வால்டின் வெளிச்சத்துக்குள்ளேயே நடந்திருக்கிறார், வெளிச்சம் நின்றதும் காபி குடித்திருக்கிறார். "நன்னாத்தானே இருந்தது" என்று மெதுவாகச் சொன்னார்.

ஓஸ்வால்ட் தலையைக் குனிந்துகொண்டு, மன்னிச்சிருங்க மாமி என்றார். ரமாவுக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. பெரிய பள்ளத்தில் விழாமல் பிழைத்தவளுக்குக் கோபம் எங்கிருந்து வரும்? நீங்கள் திரும்பப் போய் எடுத்து வராமல் இருந்தால் நான் அந்தக் குகையில்தான் உட்கார்ந்திருப்பேன், ரொம்ப உபகாரம் என்றாள். நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னாள். அப்புறம், இனிமேல் எப்படி எடுக்க வேண்டும் என்று சொன்னாள்.

ரமா இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். டிரங்க்கால் காலத்திலிருந்து இருந்தவள். லைனில் பேசுகிறவரின் குரலுக்குப் பின்னால் கேட்கிற சத்தத்தை வைத்தே அவர் கடையிலிருந்து பேசுகிறாரா, ஸ்டேஷனிலிருந்து பேசுகிறாரா, சண்டை போட்டுவிட்டு வந்து பேசுகிறாரா என்று சொல்லிவிடுவாள். அவள் காது அப்படி. வீட்டையும் அவள் காதால்தான் பார்க்க வேண்டும். அதனால் பாட்டு வேண்டாம், லைட் வேண்டாம், ஒவ்வொரு அறையிலும் போய் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்க வேண்டும் என்றாள். குழாயைத் திறந்து காட்ட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"நான் உக்காந்துண்டுதான் பாப்பேன். நீங்க நின்னுண்டு எடுத்தா அது உங்க வீடு, என் ஆம் இல்லை."

அடுத்த சி.டி. குனிந்து நடந்து எடுத்தது. மாட்டு வண்டியில் போகிற மாதிரி படம் ஆடிற்று, ரமாவுக்குத் தலை சுற்றியது. ஆனால் அதற்கடுத்த சி.டி.யிலிருந்து ஓர் அதிசயம். படம் வழுக்கிக்கொண்டு போனது, சரியாக அவள் கண் உயரத்தில். ஓஸ்வால்ட் ஏதோ புதுக் கருவி வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்தாள். பின்னால் மட்டும் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பாவம், அந்த உடம்பை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து எடுக்கிறாரே, கொஞ்சம் மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள் என்று சேஷகிரியிடம் சொன்னாள். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "சொல்றேன்" என்றார்.

சித்திரை போய் வைகாசி, ஆனி என்று மாதங்கள் ஓடின. முருகேஷ்பாளையத்து வீட்டில் நிசப்தமாக நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் தலைக்கு மேலேயே விமானம் இறங்கியது. இன்னொரு வீட்டில் எங்கோ மோட்டார் வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது, போர்வெல்லில் தண்ணீர் இல்லை என்று ரமா சொன்னாள். முனிராஜ் விசாரித்துவிட்டு வந்து ஆமாம் என்று தலையைச் சொறிந்தார். சி.வி. ராமன் நகரில் ஒரு வீடு, எல்லாம் சரி, ஆனால் பாத்ரூம் வாசலில் படம் டக்கென்று நின்றது. கொஞ்சம் பின்னால் போய்த் திரும்பவும் வந்தது, திரும்பவும் நின்றது. கதவு போதாது என்று யாரும் சொல்லவே தேவையில்லாமல் அவளுக்குப் புரிந்தது. ஒவ்வொரு வீடாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். காலி பண்ணச் சொன்னவர்கள் ஞாபகப்படுத்த இரண்டு தடவை மாடியேறி வந்து போனார்கள். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது, இருந்தும் ஏனோ அந்த மாதங்களில் ரமா சந்தோஷமாக இருந்தாள்.

காரணம் சொல்லப்போனால் சிறிசுதான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் நாலு வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். யார் வீட்டு சமையலறையிலோ மோர்மிளகாய் காய்ந்தது. யார் வீட்டுப் பெண்ணோ ஸ்டூலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே நேராகக் கேமராவைப் பார்த்தாள், அவள் முகம் ரமாவின் முகத்துக்கு நேராக இருந்தது. ஒரு அம்மாள் காபி வேணுமா என்று கேட்டதற்கு, டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த ரமா வாய்விட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சி.டி. வருகிற நாளில் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு உட்காருவாள். வெளியே போகிறவள் அப்படித்தானே போக வேண்டும்.

பதினோராவது சி.டி. ஆடி கடைசியில் வந்தது. ஜீவன் பீமா நகரில், முனை வீடு. சொந்தக்காரர் நாராயணசாமி, ரிடையர் ஆகி மகனோடு கோயம்புத்தூர் போகிறார். கேட்டிலிருந்து வாசல் வரை படியே இல்லை, ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகச் சரிவாகப் பூசியிருந்தார்கள். படம் அதில் நிற்காமல் ஏறியது. ஹாலில் தரையெல்லாம் வெயில். அந்த ஒரு நிமிஷ மௌனத்தில் ரமா கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுகிறது. எங்கோ குக்கர் இரண்டு விசில் விட்டது. ஒருத்தி கன்னடத்தில் குழந்தையைக் கூப்பிடுகிறாள், குழந்தை தமிழில் வரமாட்டேன் என்கிறது. தூரத்தில் பள்ளிக்கூட மணி. ஆள் இருக்கிற தெரு.

கண்ணைத் திறந்தபோது படம் படுக்கையறைக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு பீரோ, கதவு முழுக்கக் கண்ணாடி. படம் ஜன்னல் பக்கம் திரும்பும்போது அந்தக் கண்ணாடியைத் தாண்டிப் போயிற்று. ரமா ரிமோட்டை அழுத்தி நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் ஓட்டித் திரும்பவும் நிறுத்தினாள்.

கண்ணாடியில் ஒரு சக்கர நாற்காலி. அதில் ஓஸ்வால்ட், வயிறு பிதுங்க, இரண்டு காலையும் பலகையில் ஒழுங்காக வைத்துக்கொண்டு, கண்ணோடு ஒட்டிய கேமராவோடு உட்கார்ந்திருந்தார். நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது சேஷகிரி. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி குனிந்திருந்தார். தன் கைப்பையைக்கூட பியூன் தூக்கி வரவேண்டும் என்று இருந்த மனிதர்.

அந்த மூச்சு. மூன்று மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு. லைனில் ஊர்க்காரர்கள் அத்தனை பேரையும் பிடித்துச் சொன்ன காதுக்கு, முப்பது வருஷம் பக்கத்தில் படுத்தவரின் மூச்சு பிடிபடவில்லை.

சேஷகிரி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்தவர் திடுக்கிட்டு எழுந்தார். "அதைக் கட் பண்ணச் சொல்லியிருந்தேனே அவர்கிட்ட" என்றார்.

"எத்தனை ஆத்துல இப்படி?"

"மூணாவதுலேருந்து. அவர் குனிஞ்சு நடந்து இடுப்பு பிடிச்சுண்டுது. அவா சர்ச்சுல ஒரு நாற்காலி சும்மா கெடந்ததாம், கொண்டுவந்தார்."

"ஏன்னா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

சேஷகிரி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பேசத் தெரியாதவர் பேச ஆரம்பித்தால் முகத்தைக் காட்டமாட்டார்.

"எனக்கு ஆம் பாக்கத் தெரியலை ரமா. எதைப் பார்த்தாலும் எனக்கு நன்னாத்தான் இருக்கு. தள்ளிண்டு போனாத்தான் தெரியறது, எங்க இடிக்கறது, எங்க தூக்கணும், எங்க நீ மாட்டிண்டுடுவேன்னு. முதல் நாள் ஒரு வாசப்படில நாற்காலியை ஏத்தத் தெரியாம நின்னேன். இத்தனை நாள் நான் என்னத்தைப் பாத்தேன்னு இருந்தது."

இன்னும் ஒன்றையும் சொன்னார். ஒரு வீட்டில் உள்ளேயே விடவில்லையாம். பெண்ணுக்கு நிச்சயம் பண்ணப்போகிற வீடு, சக்கர நாற்காலி எல்லாம் உள்ளே வருவது அபசகுனம் என்று வாசலிலேயே கையைக் குறுக்கே நீட்டினார்களாம். முனிராஜ் விலைகூடப் பேசி வைத்திருந்த வீடு. சேஷகிரி அவர்களிடம், இந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாராம். அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் 'வேண்டாம்' அதுவாகத்தான் இருக்கும்.

ரமா அவரைக் கிட்டே வரச்சொல்லிக் கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் இரண்டு பக்கமும் காய்ப்பு. ஃபைல் புரட்டின கை. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்கிற வழக்கமே கிடையாது. புருஷனுக்குப் பெண்டாட்டி சொல்வதா என்று சிரிப்பார்கள். அவள் அன்றைக்குச் சொன்னாள். கடவுளுக்குச் சொல்வது போல, இரண்டு தடவை சொன்னாள். சேஷகிரி ரிமோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "மீதியைப் பாரு. பாத்ரூம் இனிமேதான் வரது" என்றார்.

பாத்ரூம் வந்தது. படம் நிற்கவில்லை, உள்ளே போயிற்று. உள்ளே போய் ஒரு முழு வட்டம் சுற்றியது. ஓஸ்வால்டின் கை முன்னால் வந்து குழாயைத் திறந்தது, தண்ணீர் கொட்டியது. பிறகு படுக்கையறை ஜன்னல். அதன் கட்டை தாழ்வாக இருந்தது. வெளியே தெருவில் ஒரு தள்ளுவண்டியில் கீரைக்கட்டு போயிற்று. யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள் போனார்கள். தலை மட்டுமல்ல, காலோடு முழுசாகத் தெரிந்தார்கள்.

"இதுதான்" என்றாள் ரமா.

ஆவணியில் ஒரு நல்ல நாளில் நாலு பேர் வந்து அவளைத் தூக்கினார்கள். திருப்பத்தில் அவள் கண்ணை மூடவில்லை. ஜீவன் பீமா நகர் வாசலில் சாஸ்திரிகள் காத்திருந்தார். சேஷகிரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தும் பழக்கத்தில், வலது காலை எடுத்து வைத்து வாங்கோ என்று சொல்லிவிட்டு, சொன்னது தெரிந்து அப்படியே நின்றுபோனார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சேஷகிரி மட்டும் ஒன்றும் நடக்காதது போல நாற்காலியை இடது பக்கம் லேசாகத் தூக்கினார். வலது சக்கரம் முதலில் வாசலைத் தாண்டியது, இடது சக்கரம் பின்னால் வந்தது. ஒன்பது வீட்டு வாசலில் பழகின கை.

உள்ளே ரமாவுக்கு யாரும் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. பூஜை அலமாரி எங்கே என்று ஸ்னேஹா தேடியபோது, இடது பக்கம் இரண்டாவது கதவு என்றாள். சமையலறை மேடைக்குக் கீழே ஒரு டைல் விண்டிருக்கும், பார்த்து நில் என்றாள். சாவி ஒப்படைக்க வந்திருந்த நாராயணசாமி, முப்பது வருஷம் இருந்த தனக்கே அந்த டைல் தெரியாதே என்று குனிந்து பார்த்தார்.

பால் பொங்குகிற சமயத்தில் அவளைக் காணோம். பாத்ரூம் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஸ்னேஹா பதறிப்போய்க் கதவைத் தட்டப் போனாள், சேஷகிரி கையைப் பிடித்து நிறுத்தினார். உள்ளே ரமா ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு மூடின கதவுக்கு உள்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டாள். படத்தில் கேட்ட அதே சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத் தாழைத் தானே திறந்துகொண்டு, முகம் கழுவின ஈரத்தோடு வெளியே வந்தாள்.

ஹாலில் ஓஸ்வால்ட் கேமராவோடு நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கையில் ஒரு எவர்சில்வர் குத்துவிளக்குப் பொட்டலம். ரமா இருவரையும் முதல் பந்தியில் உட்காரச் சொன்னாள். கண்ணாடியில் அவர் விட்டுவைத்த அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டாள். சார் கட் பண்ணத்தான் சொன்னார், ஆனால் கல்யாண வீடியோவில் முக்கியமான சீனை எவனாவது கட் பண்ணுவானா மாமி என்றார்.

ரமா சிரித்துவிட்டு, "ஓஸ்வால்ட், இன்னிக்கு மட்டும் உங்க இஷ்டத்துக்கு எடுங்கோ" என்றாள். "லைட் போடுங்கோ. எல்லாரும் பளிச்னு இருக்கட்டும்."

ஓஸ்வால்ட் வெறும் கையை விரித்துக் காட்டினார்.

"லைட்ட எடுத்தாரல மாமி. இந்த வூட்டுக்கு அது எதுக்கு?"

கிழக்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் ஹாலைத் தாண்டி அவள் நாற்காலிச் சக்கரம் வரை வந்திருந்தது. ஓஸ்வால்ட் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, பாட்டு மட்டும் அப்புறம் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, படம் பிடிக்க ஆரம்பித்தார்.